குர்குமினை லிப்பிட் நானோ துகளுக்குள் அடைப்பது எப்படி: முதல் பேட்ச் முதல் எலிச் சோதனை வரை

வெள்ளை வேட்டியில் மஞ்சள் கறை பட்டுத் துவைத்துப் பார்த்தவர்களுக்கு, மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினின் குணம் பாதி தெரிந்திருக்கும். எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் அசையாது, ஆனால் எண்ணெயில் உடனே இறங்கும். மீதிப் பாதியை ஆரத்தித் தட்டில் பார்த்திருப்பீர்கள்: மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அது காரத்தன்மை ஏறியதும் குர்குமின் மூலக்கூறு மாறுவதன் அடையாளம். அந்த நிலையில் அது நீண்ட நேரம் உயிரோடு இருக்காது. தண்ணீரில் கரையாது, காரத்தில் உடையும் என்ற இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் இனி சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்று தானாகவே விளங்கும்.

எம்.ஃபார்ம் அல்லது எம்.எஸ்சி. பிராஜெக்டுக்காக முதல்முறையாக இதில் இறங்குபவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். வீட்டில் மிக்ஸியில் செய்து குடிக்கும் விஷயம் இல்லை இது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் இருந்ததும் லிப்பிட் (கொழுப்பு) நானோ துகள்தான், ஆனால் நாம் செய்யப்போவது அது இல்லை. அங்கே மின்னேற்றம் ஏற்கும் தனி வகை லிப்பிட், ஆர்என்ஏவைப் பிடித்துக்கொள்வதற்காக. இங்கே நமக்கு வேண்டியது எண்ணெயில் கரையும் ஒரு பொருளை, அறை வெப்பத்தில் திடமாக இருக்கும் கொழுப்புக்குள் வைத்து, 100 முதல் 200 நானோமீட்டர் அளவில் தண்ணீரில் மிதக்கவிடுவது. ஜெர்மனியில் முல்லர் குழுவும் இத்தாலியில் காஸ்கோ குழுவும் 1990களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த முறை. புராஜெக்ட் அறிக்கையின் முன்னுரையில் தடுப்பூசித் துகளையும் இதையும் ஒன்றாகக் குழப்பி எழுதி வைவாவில் மாட்டிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எதைத் தீர்க்கப் போகிறோம்

குர்குமினுக்கு மூன்று தனித்தனித் தொல்லைகள். ஒன்று, கரையாமை. இரண்டு, சிதைவு: 37 டிகிரியில், பிஹெச் 7.2 பாஸ்பேட் பஃபரில் அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் போய்விடும் என்று 1997-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். மூன்று, உள்ளே போனாலும் குடல் சுவரும் கல்லீரலும் அதன்மேல் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலத்தை ஒட்டி வெளியே அனுப்பிவிடும். நானோ துகள் முதல் இரண்டுக்கு நன்றாக உதவும். மூன்றாவதற்கு அவ்வளவாக உதவாது. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதப்படும் கட்டுரைகள்தான் இந்தத் துறையில் அதிகம்.

மிளகு வேலை செய்வது அந்த மூன்றாவது இடத்தில். 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மி.கி. கொடுத்தபோது மனிதர்களில் உறிஞ்சப்படும் அளவு 2000 சதவீதம் கூடியது. எண் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் பைப்பரின் இல்லாதபோது ரத்தத்தில் இருந்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் சூரணத்தை நெய்யிலோ பாலிலோ தேனிலோ குழைத்துக் கொடுக்கச் சொல்லும் அனுபானமும், பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப் போடும் பாட்டி வைத்தியமும் இந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. நாம் செய்வது அந்த நெய்யைத் துகளாக்கும் வேலை.

படி 1: லிப்பிடைத் தேர்ந்தெடுங்கள், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை

எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான். சீனியர் ஸ்டியரிக் அமிலம் போட்டார், அலமாரியில் மிச்சம் இருக்கிறது, நாமும் அதையே போடுவோம். இப்படித்தான் என் முதல் நான்கு பேட்ச்சும் போயின. நான்கிலும் மறுநாள் காலை குப்பியின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருந்தது.

குர்குமின் உருகுவது சுமார் 183 டிகிரியில். நாம் லிப்பிடைச் சூடாக்குவதோ 80 டிகிரி வரைதான். ஆகவே குர்குமின் உருகாது, உருகிய லிப்பிடில் கரைய வேண்டும். எவ்வளவு கரைகிறது என்பதை முதலில் பாருங்கள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் 1 கிராம் லிப்பிடை எடுத்து, அதன் உருகுநிலைக்கு மேல் 5 முதல் 10 டிகிரி வைத்து, குர்குமினை 5 மி.கி. வீதம் சேர்த்துக் கலக்குங்கள். தெளிவாக இருக்கும்வரை சேர்க்கலாம், துகள் கண்ணுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். கடைசியாகத் தெளிவாக இருந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வேலை இத்துடன் முடியவில்லை. அந்த உருகலில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு ஆறவைத்து, ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாளும் போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். சூட்டில் கரைந்தது ஆறியதும் படிகமாக வெளியே வந்தால் அதில் மினுங்கித் தெரியும். லிப்பிடும் மினுங்கும் என்பதால் குர்குமின் சேர்க்காத ஒரு சொட்டையும் பக்கத்தில் வைத்தே ஒப்பிட வேண்டும். உங்கள் உண்மையான வரம்பு ஆறிய பிறகும் படிகம் வராத அளவுதான்.

தூய திட லிப்பிட் மட்டும் போட்டால் சிக்கல் வேறு விதமாக வரும். ஆறும்போது முதலில் ஒழுங்கற்ற ஆல்ஃபா வடிவில் உறையும், அதன் இடைவெளிகளில் குர்குமின் உட்கார்ந்திருக்கும். நாளாக ஆக மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பீட்டா வடிவுக்கு மாறும், இடம் குறைந்ததும் உள்ளே இருந்ததை வெளியே தள்ளிவிடும். கூட்டமான பேருந்தில் எல்லாரும் ஒழுங்காக வரிசை கட்டினால் நடுவில் நின்றவருக்கு இடம் இல்லாமல் போவது போல. அதற்காகத்தான் திட லிப்பிடோடு 20 முதல் 30 சதவீதம் திரவ லிப்பிடைக் கலக்கிறோம். எண்ணெய் சேர்ந்தால் அந்த ஒழுங்கு கெடும், குர்குமினும் கூடுதலாகக் கரையும். இரண்டாம் தலைமுறை லிப்பிட் துகள் என்று சொல்லப்படும் என்எல்சி (நானோஸ்ட்ரக்சர்டு லிப்பிட் கேரியர்) இதுதான். முதல்முறை செய்பவர்கள் நேராக இதிலிருந்தே தொடங்குங்கள் என்பது என் கருத்து. திட லிப்பிடுக்கு காம்பிரிட்டால் அல்லது கிளிசரைல் மோனோஸ்டியரேட், திரவத்துக்கு மிக்லியால் அல்லது ஒலியிக் அமிலம். இரண்டையும் உருக்கிக் கலந்து ஆறவைத்து வடிதாளில் தேய்த்துப் பாருங்கள், எண்ணெய்க் கறை படிந்தால் அந்த விகிதம் ஒத்துவரவில்லை.

படி 2: அளவுகள்

50 மி.லி. பேட்ச்சுக்குத் தொடக்கக் கணக்கு ஒன்று தருகிறேன். காம்பிரிட்டால் 1.75 கிராம், மிக்லியால் 0.75 கிராம். ஆக மொத்த லிப்பிட் 2.5 கிராம், அதாவது 5 சதவீதம். குர்குமின் 25 மி.கி., லிப்பிடில் 1 சதவீதம். தண்ணீர்ப் பக்கம், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் சர்ஃபக்டன்ட்களான ட்வீன் 80 ஒரு கிராம், பொலக்ஸமர் 188 அரை கிராம். மீதி தண்ணீர். படி 1-இல் உங்களுக்குக் கிடைத்த வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் குர்குமினைக் குறையுங்கள், என் கணக்கை நம்பாதீர்கள்.

ஒரு மி.லி.யில் அரை மி.கி. குர்குமின் என்று ஆகிறது. பெங்களூர் ஆய்வில் கொடுத்த 2 கிராமை இந்த வடிவில் கொடுக்க வேண்டுமானால் 4 லிட்டர் வேண்டும். சிரிக்காதீர்கள், இந்தக் கணக்கைத் திட்டம் போடும்போதே போட்டுவிட வேண்டும். எலிக்கு எவ்வளவு கொடுக்கப்போகிறோம், வயிறு எவ்வளவு தாங்கும் என்று கடைசியில் யோசித்தால் ஆறு மாத வேலை வீணாகும்.

தண்ணீர்ப் பக்கத்தில் பிபிஎஸ் (பிஹெச் 7.4-இல் இருக்கும் பாஸ்பேட் உப்புக் கரைசல்) போடாதீர்கள். பிஹெச் 7.2-லேயே குர்குமின் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். வெறும் தண்ணீர் போதும், அல்லது பிஹெச் 5 அளவில் நீர்த்த சிட்ரேட் பஃபர். அப்புறம், கடையில் 95 சதவீதம் என்று விற்கப்படும் குர்குமினில் அசல் குர்குமின் ஏறக்குறைய முக்கால் பங்குதான், மீதி அதன் இரண்டு உறவினர்கள். 425 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும்போது மூன்றும் சேர்ந்துதான் காட்டும். தனித்தனியாக வேண்டுமென்றால், கலவையைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவிதான் வழி.

படி 3: பேட்ச் போடும் நாள்

அறை விளக்கைக் குறைத்து, குப்பிகளுக்கு அலுமினிய ஃபாயில் சுற்றிவிடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சமும் ஆகாது.

லிப்பிட் இரண்டையும் 80 டிகிரியில் உருக்கி, குர்குமினைச் சேர்த்துத் தெளியும்வரை காந்தக் கலக்கியில் விடுங்கள். சூட்டில் அது கிடக்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஆகவே தண்ணீர்ப் பக்கத்தை முன்பே தயாராக வைத்திருங்கள். அந்தத் தண்ணீரும் அதே 80 டிகிரியில் இருக்க வேண்டும். இது மிக முக்கியம். ஆறியிருந்தால் ஊற்றும் இடத்தில் லிப்பிட் உறைந்து மெழுகுத் துணுக்குகளாகிவிடும், பிறகு எந்தச் சோனிகேட்டராலும் (ஒலி அலையால் துளியை உடைக்கும் கருவி) அதைச் சரிசெய்ய முடியாது. ஹை ஷியர் ஹோமோஜினைசரின் தலையையும் வெந்நீரில் முக்கிச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த எஃகு செய்யும் சேதம் கொஞ்சமில்லை.

சூடான தண்ணீரை லிப்பிடில் மெல்ல ஊற்றியபடி 10,000 ஆர்பிஎம்மில் ஐந்து நிமிடம். பால் போன்ற மஞ்சள் குழம்பு கிடைக்கும். உடனே புரோப் சோனிகேட்டர்: 50 சதவீத ஆம்ப்ளிடியூட், 5 விநாடி ஓட்டம், 5 விநாடி நிறுத்தம், ஓட்டத்தை மட்டும் கணக்கிட்டு ஐந்து முதல் எட்டு நிமிடம். புரோட்டீன் வேலை செய்து பழகியவர்கள் கை பழக்கத்தில் பீக்கரை ஐஸில் வைத்துவிடுவார்கள். இங்கே வைக்கக் கூடாது. துளி உடையும்போது லிப்பிட் திரவமாகவே இருக்க வேண்டும், அதனால் பீக்கர் வெந்நீரில் இருக்கட்டும். புரோப் நுனி கண்ணாடியைத் தொடாமலும் மேல்மட்டத்துக்கு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே வந்தால் நுரைதான் மிஞ்சும். ஹை பிரஷர் ஹோமோஜினைசர் கிடைத்தால் அதிர்ஷ்டம். 500 பாரில் மூன்று சுற்று விட்டாலே சோனிகேட்டரைவிடச் சீரான துகள் கிடைக்கும். சுற்றைக் கூட்டிக்கொண்டே போனால் இன்னும் சிறிதாகும் என்று எண்ணாதீர்கள், ஒரு கட்டத்துக்கு மேல் துகள்கள் மோதி மறுபடி ஒட்டத் தொடங்கும்.

முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் வைத்து மெல்லக் கலக்கியபடி ஆறவிடுங்கள். இந்த நேரத்தில்தான் துளி துகளாகிறது. ஆறியதும் 3,000 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் சுழற்றுங்கள். புரோப்பிலிருந்து உதிரும் டைட்டானியத் தூளும், துகளுக்குள் போகாத குர்குமின் படிகமும் அடியில் தங்கும். அந்த அடிப்படிவைக் கொட்டிவிடாதீர்கள், படி 5-இல் வேண்டும்.

இதே முறையில் குர்குமின் இல்லாத வெற்றுப் பேட்ச் ஒன்றையும் அன்றே போட்டுவிடுங்கள். துகள் நன்றாகச் சிறுத்திருந்தால் அது வெறும் பால்போல் இருக்காது, வெளிச்சத்துக்கு எதிரே இலேசான நீலச் சாயல் தெரியும்.

படி 4: அளவு பார்த்தல்

வடிகட்டிய தண்ணீரில் நூறு மடங்கு நீர்த்து டிஎல்எஸ் (ஒளிச் சிதறலை வைத்துத் துகள் அளவு பார்ப்பது) எடுங்கள். ஸீ ஆவரேஜ் என்ற சராசரி அளவு 200 நானோமீட்டருக்குள்ளும், அளவு எவ்வளவு சீராக இருக்கிறது என்று சொல்லும் பிடிஐ 0.3-க்குள்ளும் இருந்தால் மேலே போகலாம். துகள் மேற்பரப்பின் மின்னேற்றத்தைக் காட்டும் ஸீட்டா மதிப்பு 30 மில்லிவோல்ட் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ட்வீனும் பொலக்ஸமரும் மின்னேற்றத்தால் அல்ல, தங்கள் நீண்ட வால்களை நீட்டி இடைவெளி விடச் செய்வதால்தான் துகள்களைப் பிரித்து வைக்கின்றன.

மென்பொருள் இன்டென்ஸிட்டி, நம்பர் என்று இரண்டு வரைபடம் தரும். நம்பர் வரைபடத்தில் துகள் எப்போதும் சிறிதாகத் தெரியும், அதனால் அதை ஒட்டிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தேர்வாளர் விவரம் தெரிந்தவராக இருந்தால் முதல் கேள்வியே அதுதான்.

படி 5: எவ்வளவு உள்ளே போயிருக்கிறது

என்ட்ராப்மென்ட் எஃபிஷியன்ஸி என்ற எண்ணைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வழக்கமாகச் செய்வது இப்படி: கலவையை அல்ட்ராஃபில்டர் குழாயில் சுழற்றி, கீழே வந்த தெளிந்த நீரில் குர்குமின் எவ்வளவு என்று அளந்து, மொத்தத்திலிருந்து கழித்து, மீதி எல்லாம் துகளுக்குள் என்று எழுதுவது. 99.6 சதவீதம் வரும். எல்லாருக்கும் வரும். ஏன் வராது? குர்குமின்தான் தண்ணீரில் கரையாதே! வெளியே படிகமாகக் கிடப்பதும் வடிகட்டிக்கு மேலேயேதான் நிற்கும். துகளே இல்லாமல் வெறும் மஞ்சள் பொடியைத் தண்ணீரில் போட்டுச் சுழற்றினாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும், சந்தேகமிருந்தால் செய்து பாருங்கள். போதாக்குறைக்கு ட்வீன் 80-இன் மைசெல்கள் (அதன் மூலக்கூறுகள் கூடி உண்டாகும் நுண்ணிய உருண்டைகள்) வேறு. பத்து நானோமீட்டர் அளவில் இருக்கும் அவற்றுக்குள்ளும் குர்குமின் நன்றாகக் கரையும், சிறு துளை வடிகட்டியில் அவையும் மேலேயே தங்கும்.

சரி, என்ன செய்வது? படி 3-இல் எடுத்து வைத்த அடிப்படிவை மெத்தனாலில் கரைத்து அளங்கள். மேலே நின்ற கலவையிலும் 0.1 மி.லி. எடுத்து 9.9 மி.லி. மெத்தனாலில் விட்டு, இலேசாகச் சூடாக்கி, ஆறவைத்து, படிந்த லிப்பிடை வடிகட்டிவிட்டு 425-இல் அளங்கள். மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் அளவில் வரும், நேர்கோட்டுக்குள் அழகாக விழும். பிளாங்காக வெற்றுப் பேட்ச்சை இதே போல நடத்தி வையுங்கள், வெறும் மெத்தனாலை வைத்தால் கலங்கல் எல்லாம் குர்குமின் கணக்கில் ஏறும். போட்டது 25 மி.கி., மேலே 21, அடியில் 3.5 என்று வந்தால் 84 சதவீதம் கலவையில் நிற்கிறது, அரை மி.கி. எங்கோ சிதைந்தோ ஒட்டியோ போயிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் போட்ட அளவு கிட்டத்தட்ட வர வேண்டும், இந்தக் கூட்டல்தான் நேர்மையான சோதனை. 99.6-ஐவிட இந்த 84-க்கு மதிப்பு அதிகம். மைசெல்லில் இருப்பதைத் தனியே பிரிப்பது கடினம், ஆகவே அறிக்கையில் "துகளுக்குள்" என்று எழுதாமல் "கலவையில் நிலையாக நிற்பது" என்று எழுதுங்கள்.

இதே ரகத்தில் இன்னொரு பொறி டிஎஸ்சி, அதாவது சூடாக்கிக்கொண்டே போய் எது எந்த வெப்பத்தில் உருகுகிறது என்று காட்டும் கருவி. 183 டிகிரியில் குர்குமின் முகடு காணவில்லை, ஆகவே அது படிகமற்ற நிலைக்கு மாறிவிட்டது என்று எழுதுவார்கள். சூடாக்கும்போது 70 டிகிரியிலேயே லிப்பிட் உருகிவிடுகிறது, 183 வருவதற்குள் படிகம் அதில் கரைந்து காணாமல் போயிருக்கும். ஒரு சதவீதம்தான் போட்டிருக்கிறோம் என்பதால் இருந்தாலும் கண்ணில் படாது. லிப்பிடின் நிலையைப் பார்க்க டிஎஸ்சி நல்ல கருவி, குர்குமினைப் பார்க்க மைக்ராஸ்கோப்தான்.

படி 6: வெளியேறும் வேகம்

துகளைத் தடுத்துக் கரைந்ததை மட்டும் வெளியே விடும் டயாலிஸிஸ் பையில் போட்டு பிஹெச் 7.4 பஃபரில் தொங்கவிட்டால் எட்டு மணி நேரத்துக்குப் பிறகு வரைபடம் படுத்துவிடும். நிதானமாக வெளிவிடுகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதலாம், ஆனால் நடந்தது வேறு: வெளியே வந்தது கரைய இடமில்லை, கரைந்ததும் சிதைந்துவிட்டது. பஃபரில் அரை முதல் ஒரு சதவீதம் ட்வீன் 80 சேருங்கள், சிதைவைக் குறைக்கக் கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலமும் சேர்க்கலாம். துகள் இல்லாமல் மெத்தனாலில் கரைத்த குர்குமினையும் இன்னொரு பையில் போட்டு அதே பஃபரில் கூடவே ஓட்டுங்கள். அதுவே பையைத் தாண்ட ஆறு மணி நேரம் எடுத்தால் நீங்கள் அளப்பது பையின் வேகத்தை. கடைசியில் பையைத் திறந்து பாருங்கள், பையே ஆரஞ்சாகியிருந்தால் அதில் ஒட்டியதும் கணக்கில் சேர வேண்டும்.

படி 7: வைத்துப் பார்த்தல்

4 டிகிரியிலும் 25 டிகிரியிலும் வைத்து 7, 30, 60, 90 நாளில் அளவு, பிடிஐ, குர்குமின் அளவு, மைக்ராஸ்கோப்பில் படிகம் நான்கையும் பாருங்கள். சில பேட்ச் திடீரென்று கூழாக உறையும், வெளிச்சமும் சூடும் அதைத் துரிதப்படுத்தும். பொடியாக்க வேண்டுமென்றால் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து ஃப்ரீஸ் டிரை செய்யுங்கள். லிப்பிடுக்குச் சமமாகத் தொடங்கி நான்கு மடங்கு வரை முயன்று, மறுபடி தண்ணீரில் கலக்கும்போது பழைய அளவு திரும்பும் விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: செல்லும் எலியும்

செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று நிறத்தை வைத்துப் பார்க்கும் எம்டிடி சோதனையில் குர்குமின் தன் நிறத்தாலேயே கணக்கைக் கெடுக்கும், சர்ஃபக்டன்ட் தனியாகவே செல்லைக் கொல்லும். வெற்றுத் துகளை அதே நீர்ப்பில் வைக்காமல் வரும் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

வாய்வழி கொடுக்கும்போது துகள் முழுசாக ரத்தத்தில் நீந்தும் என்று படம் வரையாதீர்கள். குடலில் லிப்பேஸ் லிப்பிடைச் செரிக்கும், விடுபட்ட கொழுப்பமிலமும் பித்த உப்பும் சேர்ந்த மைசெல்கள் குர்குமினைச் சுமந்து சுவர்வரை கொண்டுபோகும், ஒரு பகுதி நிணநீர் வழியாகக் கல்லீரலைத் தவிர்த்துப் போகலாம். அதன் பிறகு ரத்தத்தில் அளப்பதிலும் ஒரு கண் வேண்டும். பிளாஸ்மாவை குளுக்குரோனிடேஸ் என்ஸைமில் ஊறவைத்துவிட்டு அளந்தால் குளுக்குரோனிக் அமிலம் ஒட்டியதும் ஒட்டாததும் சேர்ந்து பெரிய எண் வரும். ஒட்டாத குர்குமின் எவ்வளவு என்று தனியே எழுதாத வரைபடத்தை அரை வரைபடம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக உறிஞ்சப்படுவது நல்லது மட்டும்தான் என்றும் இல்லை. 2019-இல் இத்தாலியில் மஞ்சள் சத்து மாத்திரை சாப்பிட்டவர்களிடம் கல்லீரல் அழற்சி கண்டறியப்பட்டு அரசு எச்சரிக்கை விட்டது. சமையலில் போடும் மஞ்சளின் பாதுகாப்பை, உறிஞ்சுதலைக் கூட்டிய வடிவத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. எலியின் ரத்தத்தில் கல்லீரல் என்ஸைம்களையும் பார்த்துவிடுங்கள்.

விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போது குழுக்களை இப்படிப் பிரியுங்கள்: சிஎம்சி (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) கரைசலில் கலக்கிய வெறும் குர்குமின், வெற்றுத் துகள், குர்குமின் துகள், அப்புறம் பெரும்பாலானோர் விட்டுவிடும் நான்காவது குழு. அதே காம்பிரிட்டால், அதே மிக்லியால், அதே ட்வீன், அதே பொலக்ஸமர், அதே குர்குமின், ஆனால் சோனிகேட்டரில் போடாமல் கையால் குழைத்தது. பல நேரம் வித்தியாசத்தின் பெரும்பகுதியை அந்தக் குழையலே கொடுத்துவிடும், துகளாக்கியதால் வந்தது எவ்வளவு என்பது மூன்றாவது குழுவிலிருந்து நான்காவதைக் கழித்தால்தான் தெரியும். விண்ணப்பத்தில் முதலிலேயே இதற்கு ஆறு எலி கேட்டுவிடுங்கள், பிறகு சேர்க்க மறுபடியும் குழு கூடும்வரை காத்திருக்க வேண்டும்.